ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் தொலைதூரம் மோட்டார் சைக்கிளில் செல்வோர், பாரதி பிறந்த வீட்டைக் காண எங்கள் எட்டயபுரத்தில் இறங்குவதுண்டு. அவர்களில் பலருடைய ஹெல்மெட்டின் ஓரத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி ஒட்டியிருக்கும். அதுவே புளூடூத் ஹெட்செட். செல்போன் காட்டும் வழியை ஓட்டுபவரின் காதில் சொல்வது அதன் முக்கியப் பணி. அந்தக் குரல் நின்றுவிட்டால்? துறைமுக லாரிகள் விரையும் சாலையில் அவர் கண்ணைத் தாழ்த்திச் செல்போனைப் பார்ப்பார். ஆகவே இதைப் பொழுதுபோக்குச் சாதனம் என்று ஒதுக்க இயலாது.

என் மாமாவின் ஒர்க் ஷாப்பில் செயின் இறுக்க வருவோர் இதையும் நீட்டுவார்கள். கையேடோ ஆங்கிலத்தில் இருக்கும். "மாப்ளே, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்பார் மாமா. கல்லூரிப் படி ஏறியவன் எங்கள் வீட்டில் நான் ஒருவனே.

புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயர். (நீலப்பல் என்று தமிழாக்கினால் சிரிப்பு வருகிறது!) 2402 முதல் 2480 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ள 79 அலைவரிசைகளில், வினாடிக்கு 1600 முறை தாவித் தாவிச் செய்தி செல்கிறது. இரு கருவிகளும் ஒரே ஒழுங்கில் தாவ வேண்டும். அதற்கு முன், ஒன்றையொன்று அறிந்து ஓர் இரகசிய எண்ணைப் பரிமாறி நினைவில் வைத்துக்கொள்கின்றன. இதுவே 'பேரிங்'. ஒரு பக்கம் அந்த எண் அழிந்து மறு பக்கம் பழையது தங்கிவிட்டால் இணைப்பு நடவாது. இரண்டிலும் பழைய பதிவை அழித்துவிட்டு, விளக்கு மின்னும்வரை பொத்தானை அழுத்திப் புதிதாகச் சேர்ப்பதே வழி. பைக்குள் கிடக்கும் பழைய செல்போன் முந்திக்கொண்டு இணைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இணைந்த பின்னும் தொல்லை உண்டு. அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை என்பார்கள். இதற்குக் காரணம் யாது? பேச்சுக்கு ஒரு பாதை, இசைக்கு வேறு பாதை. செல்போன் அமைப்பில் 'மீடியா ஆடியோ' என்பது அணைந்திருந்தால் இரண்டாவது பாதை அடைபடும். வண்டியின் திரையும் செல்போனோடு இணைந்திருந்தால் குழப்பம் கூடும். ஒலி வண்டிக்குப் போய்விடும், காதுக்கு வராது. அப்போது செல்போனில் வண்டிக்குரிய ஒலியை மட்டும் நிறுத்தலாம். ஹோண்டா கோல்ட் விங் போன்ற பெரிய வண்டிகளில் முறையே வேறு: ஹெட்செட்டும் செல்போனும் தனித்தனியே வண்டியோடு சேர வேண்டும். ஹெட்செட் இணையாவிட்டால் அதில் ஆப்பிள் கார்ப்ளே திரையே வராது.

பேசத் தொடங்கியதும் ஒலி பழைய டெலிபோன் போல ஆவது பழுதன்று. இசைக்கு வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன; பேச்சுக்கு 8,000 அல்லது 16,000 மட்டுமே. 8,000 மாதிரிகளைக் கொண்டு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை மீட்க முடியாது என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம்.

விட்டுவிட்டுக் கேட்டால் செல்போன் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். நம் உடம்பிலுள்ள நீர் இவ்வலைகளை உறிஞ்சும். இரும்புப் பெட்டி மறைக்கும். பின் பாக்கெட்டிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றியதுமே பலருக்குச் சரியாகிவிட்டது.

ஒலிபெருக்கி காதுத் துளைக்கு நேரே இல்லாவிட்டால் எவ்வளவு கூட்டினாலும் கேளாது. ஆடிக்காற்றில் எதிர்முனையில் இரைச்சல் என்றால், மைக்கின் மேலுள்ள பஞ்சுறை கழன்றிருக்கும். மாமா சீட்டுப் பஞ்சில் ஒரு துண்டு நறுக்கி மாட்டிவிடுவார். அதற்குக் கையேடு தேவைப்படவில்லை.