எல்லை தாண்டும் நோய்கள் – 9: துறைமுகக் குப்பையில் இறங்கிய காய்ச்சல்

சென்ற வாரம் இங்கிலாந்தை உலுக்கிய 2001 கோமாரியைப் பார்த்தோம். இந்த வாரம் ஜார்ஜியா.

2007-இல் கருங்கடல் ஓரத்துப் போத்தி துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களில் பன்றிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முதலில் வேறு ஏதோ நோய் என்றே நினைத்தார்கள். ஜூன் மாதம் மாதிரிகளைச் சோதித்த இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகம், இது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றது. கிருமியின் மரபணு மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கம் புழங்கும் வகையோடு ஒத்துப்போனது. அத்தனை தூரம் அது எப்படி வந்தது? கப்பல் சமையலறையில் மிஞ்சிய பன்றிக்கறி துறைமுகக் குப்பைக்குப் போக, அங்கே அவிழ்த்துவிட்ட பன்றிகள் அதைத் தின்றிருக்க வேண்டும். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பது இந்த விளக்கத்தைத்தான்.

ஒரு நோய் எல்லை தாண்டும் ஆபத்தை மதிப்பிடுவோர் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பார்கள். கிருமி நாட்டுக்குள் வருமா? வந்தால் இங்குள்ள விலங்குக்கு எட்டுமா? எட்டினால் எவ்வளவு பரவும், நட்டம் எவ்வளவு? முதல் இரண்டில் எது பூச்சியமானாலும் ஆபத்தும் பூச்சியம். ஆனால் அரசுகளின் கவனம் முழுக்க முதல் கேள்வியிலேயே நிற்கிறது. இறக்குமதியாகும் விலங்குக்குச் சான்றிதழ், தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. பயணியின் பையிலிருக்கும் உப்புக்கறிக்கு எந்தக் காகிதமும் கிடையாது. ஒரு பொட்டலத்தில் கிருமி இருக்கும் வாய்ப்பு சொற்பம்தான். வருடம் முழுக்க வந்துபோகும் கப்பல், விமானம், லாரி அத்தனையோடும் பெருக்கிப் பாருங்கள், அது சொற்பமாக இருக்காது.

இந்தக் கிருமி உறைந்த கறியிலும் உப்பிட்டு உலர்த்திய கறியிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். மனிதரை ஒன்றும் செய்யாது என்பதால் தின்றவருக்கும் தெரியாது. 2017-இல் செக் நாட்டின் ஸ்லீன் பகுதியிலும் 2018-இல் பெல்ஜியத்திலும் காட்டுப்பன்றிகள் இந்தக் காய்ச்சலில் செத்தன. இரண்டுமே நோய் இருந்த இடங்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் இருப்பவை. காட்டுப்பன்றி அவ்வளவு தூரம் நடந்துபோய்ப் பரப்பாது. மனிதர்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் சீனாவுக்கும் வந்துவிட்டது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது, இந்தப் பாடம் 1957-லேயே கிடைத்துவிட்டது என்பதுதான். லிஸ்பன் விமான நிலையத்துக்கு அருகே, விமான உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிடம்தான் ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்த நோய் முதன்முதலில் தலைகாட்டியது. 1960-இல் திரும்பவும் வந்தது. பக்கத்து ஸ்பெயினுக்கும் பரவியது; அந்நாடு அதிலிருந்து விடுபட 1995 வரை ஆனது. அரை நூற்றாண்டு கழித்து போத்தியிலும் அதே எச்சில் உணவு, அதே பன்றிகள்.

நமக்கும் இது தூரத்துக் கதையல்ல. 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவில் தென்பட்ட நோய், 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிடமும் உறுதியானது. ஓட்டல் மிச்சத்தை அப்படியே பன்றிக்குக் கொட்டும் வழக்கம் நம்மூரிலும் உண்டு. கறியை 70 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வேகவைத்தால் கிருமி செத்துவிடும். விறகும் கொப்பரையும் சிறு பண்ணைக்காரருக்குப் பெரிய செலவு. அதை அவர் தலையில் கட்டாமல் அரசே ஏற்க வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பூச்சியத்துக்கு அருகே கொண்டுவர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

(தொடரும்)