கடன் யாருக்குக் குறைஞ்சது?

கடலூரில் ரயில் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, அண்ணாமலைப் பல்கலையில் எகனாமிக்ஸ் படிக்கிறவரா நீங்கள்? 'இதைப் படிச்சு என்னத்தப் பண்ணப் போற?' என்று வீட்டில் கேட்கிறார்களா? அப்போ பி.வி.நாராயணசாமி நாயுடுவைத் தெரிஞ்சுக்குங்க.

இவர் அதே பல்கலையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் விளைபொருள் விலை எகிறியது. 'விவசாயி கடனெல்லாம் அடைஞ்சிருக்கும்' என்று பேச்சு. நிஜமா? விசாரித்துச் சொல்ல சென்னை மாகாண அரசு இவரைத்தான் அழைத்தது. 1946-ல் அறிக்கை ரெடி. 1939-ல் சுமார் 272 கோடி ரூபாயாக இருந்த கிராமக் கடன், 1945-ல் சுமார் 218 கோடி!

அட, குறைஞ்சிடுச்சேன்னு கைதட்டிடாதீங்க. நாயுடு மொத்தத்தோடு நிற்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார். விற்பதற்கு விளைச்சல் வைத்திருந்த பெரிய நிலக்காரர்களின் கடன் நன்றாகவே இறங்கியிருந்தது. கூலியை நம்பிப் பிழைத்த நிலமற்றவர்களின் கடனோ ஏறியிருந்தது!

மொத்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், அந்தக் கூலியாள் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்.

இன்றைக்கும் 'வருமானம் கூடிடுச்சு, கடன் குறைஞ்சிடுச்சு' என்று நியூஸ் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'யாருக்கு?'

வீட்டில் கேட்டால் சொல்லுங்க... இதைக் கேட்கத்தான் எகனாமிக்ஸ்!