லாரிக்கு எதற்கு யூரியா?

புதிய லாரிகள் பலவற்றில் டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது யூரியா கரைசல். 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். எஞ்சினுக்குள் இதில் ஒரு சொட்டுகூடப் போவதில்லை. எஞ்சினை விட்டு வெளியேறிய புகைக்குத்தான் இது தேவைப்படுகிறது.

சிலிண்டருக்குள் டீசல் எரியும் இடத்தில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸை எட்டும். எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜன்கூட அந்தச் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். வெளிக்காற்றில் அது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி நுரையீரலைப் பதம்பார்க்கும். வெயில் பட்டால் தரையை ஒட்டி ஓசோனையும் உண்டாக்கும்.

வியப்பு என்னவென்றால், சூடு தணிந்தபின் நைட்ரிக் ஆக்சைடு மறுபடி நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிவதுதான் இயற்கைக்கு உகந்தது. ஆற்றல் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிரியும் வழியில் தாண்ட வேண்டிய தடை மிக உயரம். புகை சட்டென்று ஆறிவிடுவதால் மூலக்கூறு அப்படியே சிக்கிக்கொள்கிறது. தடை குறைந்த வேறொரு பாதையைத் திறந்துவிடுவதே வினையூக்கியின் வேலை.

பெட்ரோல் கார்களில் ரோடியம் உலோகம் இதைச் செய்கிறது. புகையிலேயே இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, நைட்ரஜன் விடுபடும். டீசலில் இது எடுபடாது. டீசல் புகையில் ஆக்சிஜன் 10 சதவீதம் அளவுக்கு இருக்கும். நைட்ரிக் ஆக்சைடோ பத்து லட்சத்தில் சில நூறு பங்குதான். கார்பன் மோனாக்சைடு, மிகுதியாக இருக்கும் ஆக்சிஜனோடு போய்ச் சேர்ந்துவிடும்.

யூரியா வருவது இங்கேதான். சூடான புகைக்குழாயில் தெளித்ததும் அது சிதைந்து அம்மோனியாவாகிறது. அடுத்து இருப்பது தேனடை போல நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அதன் சுவர்களில் ஜியோலைட் என்ற கனிமம் பூசி, அந்தக் கனிமத்தின் கூடுகளுக்குள் தாமிர அயனிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அத்தனை ஆக்சிஜன் சுற்றி இருந்தும், தாமிரத்தின்மேல் அம்மோனியா நைட்ரிக் ஆக்சைடைத் தேடிப்பிடித்துச் சேர்கிறது. வெளியே வருவது நைட்ரஜனும் நீராவியும். நைட்ரஜன்-15 ஐசோடோப்பை அடையாளமாக வைத்துப் பார்த்தபோது, பிறக்கும் நைட்ரஜன் மூலக்கூறில் ஓர் அணு நைட்ரிக் ஆக்சைடிலிருந்தும் மற்றது அம்மோனியாவிலிருந்தும் வருவது தெரிந்தது. வேதியியலில் இதைவிட அழகான நிரூபணங்கள் குறைவு என்பேன்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்-6) புகை விதி, கனரக டீசல் வண்டிகள் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகளை விடலாம் என்றிருந்த பிஎஸ்-4 அளவை அரை கிராமுக்கும் கீழே இறக்கியது. கூடவே டீசலில் கந்தகத்தை பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். கந்தகம் படிந்தால் தாமிரம் செயலிழக்கும். உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றினாலும் இதே கதிதான். அதிலுள்ள உப்புகளும் உலோகத் துகள்களும் துளைகளை அடைத்துவிடும். யூரியா செலவை மிச்சம் பிடிக்க, கரைசல் தெளிக்கப்படுவதாக எஞ்சினின் கணினியை ஏமாற்றும் கருவிகளை மாட்டுவோரும் உண்டு. அந்த வண்டி விடுகிற புகையை சாலையோரத்துப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். இதைச் சிறு சாமர்த்தியம் என்று விட்டுவிடக் கூடாது.

ஒழுங்காகப் பராமரித்த வண்டியிலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, நெரிசலில் ஊர்ந்து போகும் பேருந்தின் புகை 200 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது யூரியா முழுதாகச் சிதையாமல் குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். அதனால் தெளிப்பையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் அதிகமுள்ள இடத்தில்தான் வினையூக்கி ஓய்ந்துபோகிறது. இதற்காகப் பொறியாளர்கள் சூடு குறையாத இடமாகப் பார்த்து, எஞ்சினை ஒட்டியே இரண்டாவது வினையூக்கி ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள். புகையை மின்சாரத்தால் சூடேற்றும் கருவிகளையும் சோதிக்கிறார்கள்.