ஆற்றங்கரையில் பிறந்த நாடு

நாட்டின் வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு மலாக்காதான் நினைவுக்கு வரும். ஈப்போவில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேராக் ஆற்றோரமாக ஒரு நாள் பயணம் போனாலே போதும்.

லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் கிடைத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டுக்கு வயது ஏறக்குறைய 10,000 ஆண்டு. 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சிந்து சமவெளியைப் போன்ற செங்கல் நகரங்கள் இங்கே இல்லை. ஆனால் கரையோரத்துக் கோலா செலின்சிங்கில் விஷ்ணுவர்மன் பெயர் பொறித்த முத்திரை கிடைத்திருக்கிறது. பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936-இல் எட்டுக் கை அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. இதை வைத்து நம்மவர்கள் அப்போதே இங்கு ஆண்டார்கள் என்று மேடையில் முழங்குவோரும் உண்டு. ஒரு முத்திரை அவ்வளவு பாரத்தைத் தாங்காது. கடல் வாணிகமும் சமயமும் இங்கு வந்து சேர்ந்தன என்பதற்கு அது சான்று.

1528-இல் தொடங்கிய பேராக் சுல்தானகத்துக்கு ஆறுதான் சாலை, ஆறுதான் கருவூலம். படகில் இறங்கும் ஈயத்துக்கு ஆற்றோரப் பிரபுக்கள் வரி வாங்கினார்கள். 1874-இல் பங்கோர் ஒப்பந்தத்தின் மூலம் ஆங்கிலேயர் நுழைந்தார்கள். வரி வாங்கும் உரிமையில் கை வைத்த ரெசிடெண்ட் பெர்ச், மறு ஆண்டே பாசிர் சாலாக் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார். ஆனால் ஆற்றின் ஆட்சி அதோடு முடிந்தது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் ஓடியது. ஈயத்துக்கு இனி படகு வேண்டியதில்லை.

1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகள்தான் நம் கதையின் தொடக்கம். கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்தார்கள். 1938-இல் இந்திய அரசு அதைத் தடை செய்தபோது, வந்தவர்களுக்கு லயமே ஊராகிவிட்டிருந்தது. 1948-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது.

1957-இல் கொடி ஏறியது. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வு இல்லை என்ற சலுகையும் வந்தது. தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்களில் எத்தனையோ பேர் அதைத் தவற விட்டார்கள். 'இங்கேதானே இருக்கிறோம், தாள் எதற்கு?' என்ற நினைப்பு. விலை பிறகு தெரிந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அதற்கு முன்பே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன், தொழிலாளர்களையே பங்குதாரராக்கித் தோட்டம் வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

தாள் பிரச்சினை அடுத்த தலைமுறைக்கும் வந்தது. கோயிலில் தாலி கட்டியவர்கள் திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சட்டப்படி கணக்கில் வராது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை அடையாள அட்டைக்குத் தடுமாறும். 2011-இல் அரசாங்கமே 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை இந்தியர்களுக்கென நடத்த வேண்டியிருந்தது. அப்போது சுதந்திரம் கிடைத்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.