ஒன்பது குளம்புள்ள குதிரையைத் தெரியுமா?

ஃபாரஸ்ட் கேட்டில் குடியிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஊர்ப் பெயரில் இருக்கிற அந்த 'கேட்' ரயில்வே கேட் இல்லை, மாட்டுக் கேட்! காட்டில் மேய்கிற மாடுகள் ரோம்ஃபோர்டு ரோட்டில் இறங்கிவிடக் கூடாது என்று வுட்கிரேஞ்ச் ரோட்டின் குறுக்கே போட்டிருந்த படலை. 1881-இல்தான் அதைக் கழற்றினார்கள். பக்கத்து வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் 1996 வரைக்கும் மாடுகள் இஷ்டத்துக்குத் திரிந்தன என்றால் நம்புவீர்களா? லண்டனில்!

சரி, குதிரைக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! அந்தக் காலத்தில் எசெக்ஸ் பக்கத்து மாடுகள் இந்தச் சாலையோடு நடந்துதான் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்குப் போகும். இன்றைக்கு ஃபாரஸ்ட் கேட்டில் எலிசபெத் லைன் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் ஃபாரிங்டன். வெளியே வந்தால் சந்தைக் கட்டடம் பக்கத்திலேயே. அந்தச் சந்தையில் வியாபாரம் பார்த்த வில்லியம் வைல்டுமன் என்பவர் 1765-இல் ஒரு வயதுக் குதிரைக்குட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அதுதான் எக்ளிப்ஸ்! ஓடிய 18 பந்தயங்களில் 18-லும் ஜெயித்த எக்ளிப்ஸ்!

அது பிறந்த கதை தெரியுமா? 1764 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்! அது மட்டுமா? அன்றைக்குச் சூரிய கிரகணம்! நெருப்பு வளையம் போலச் சூரியன் தெரிந்த வளையக் கிரகணம். நம் வீடுகளில் கிரகண நேரத்தில் கர்ப்பிணியை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். அங்கே ஒரு பெண்குதிரை சாவகாசமாகக் குட்டியே போட்டுவிட்டது. கிரகணத்துக்கு ஆங்கிலத்தில் எக்ளிப்ஸ். பெயர் வைக்க ஜோசியரைத் தேடவேண்டிய வேலையே இல்லை!

குட்டியை வளர்த்தது யார்? கம்பர்லாந்து கோமகன். அரசர் மூன்றாம் ஜார்ஜின் சித்தப்பா. 1746-இல் கலோடன் போரில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கொன்று குவித்ததால் அவருக்கு ஒரு பட்டப்பெயர்: கசாப்புக்காரன்! அவர் 1765-இல் இறந்ததும் லாயத்துக் குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. பட்டப்பெயர் கசாப்புக்காரரின் குதிரையை நிஜமான இறைச்சி வியாபாரி வாங்கினார்! விலை? 75 கினி என்று சொல்லப்படுகிறது. (ஒரு கினி என்றால் ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும்.) வைல்டுமன் வந்து சேர்ந்தபோது ஏலம் ஆரம்பித்துவிட்டதாம். தன் கடிகாரத்தைக் காட்டி, 'குறித்த நேரத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டீர்கள், திரும்ப ஏலம் விடுங்கள்' என்று மல்லுக்கட்டித்தான் குட்டியை எடுத்தார் என்று ஒரு கதை. சந்தைக்காரரிடமா விளையாடுவது!

குணம்? முரட்டுக் குணம்! காயடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். காயடித்திருந்தால்? உலகக் குதிரைப் பந்தயத்தின் சரித்திரமே வேறு! கடைசியில் ஒரு முரட்டுச் சவாரிக்காரன் கையில் கொடுத்தார்கள். அவன் பகலெல்லாம் அதன் மேல் சுற்றிவிட்டு, ராத்திரியில் அதே குதிரையில் காட்டுக்குள் திருட்டு வேட்டைக்கும் போவானாம். பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் இரண்டும்!

இப்போதெல்லாம் பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே களத்தில் இறங்குகின்றன. எக்ளிப்ஸ் முதல் பந்தயம் ஓடியபோது என்ன வயது தெரியுமா? ஐந்து! 1769 மே 3, எப்சம்.

அதற்குச் சில நாள் முன்னால் ரகசியமாக ஒரு ஒத்திகை வைத்தார்கள். சூதாட்டக்காரர்களின் உளவாளிகள் மோப்பம் பிடித்து ஓடிவந்தார்கள். தாமதம்! எல்லாம் முடிந்துவிட்டது. வழியில் ஒரு கிழவியைப் பிடித்து விசாரித்தார்கள். ஒரு கால் வெள்ளையாக இருந்த குதிரை ஒன்று பேய் பிடித்ததுபோல ஓடியது, பின்னால் துரத்திய குதிரை உலகத்தின் கடைசிவரை ஓடினாலும் அதைப் பிடிக்கப்போவதில்லை என்ற அர்த்தத்தில் அந்தப் பாட்டி சொன்னாளாம். அந்தக் காலத்து நேரலை வர்ணனை! எக்ளிப்ஸுக்குப் பின்னங்கால் ஒன்று வெள்ளை.

செய்தி பரவியது. பந்தய நாளில் எக்ளிப்ஸின் மேல் நாலு பவுண்டு கட்டினால் லாபம் ஒரே ஒரு பவுண்டு! இதில் என்ன சம்பாதிப்பது?

இங்கேதான் டெனிஸ் ஓ'கெல்லி வருகிறார். அயர்லாந்துக்காரர். பல்லக்கு தூக்கிப் பிழைத்தவர், கடன் கட்ட முடியாமல் ஃபிளீட் சிறையில் கிடந்தவர், சூதாடி. அன்றைய பந்தயம் எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய எப்சம் டெர்பி பந்தயத்தின் தூரம் 2.4 கிலோமீட்டர். அன்றைக்கு ஒரு சுற்றே நாலு மைல், அதாவது 6.4 கிலோமீட்டர்! அரைமணி நேரம் மூச்சு வாங்கவிட்டு, வியர்வையைத் துடைத்து, அதே குதிரைகளை மறுபடியும் நாலு மைல் ஓடவிடுவார்கள்! முதல் சுற்றை எக்ளிப்ஸ் சுலபமாக எடுத்துவிட்டது. இரண்டாவது சுற்றுக்கு முன் ஓ'கெல்லி ஒரு சவால் விட்டார். ஓடப்போகும் ஐந்து குதிரைகளும் எந்த வரிசையில் வரும் என்று முன்கூட்டியே சொல்கிறேன், பணம் கட்டத் தயாரா?

கூட்டம் பாய்ந்து வந்து கட்டியது. ஐந்து குதிரைகளின் வரிசையை யாரால் சரியாகச் சொல்ல முடியும்?

ஓ'கெல்லி சொன்னார்: எக்ளிப்ஸ் முதலாவது. மற்றவை எங்கேயுமே இல்லை!

இதில் என்ன தந்திரம்? ஜெயித்த குதிரை எல்லைக் கோட்டைத் தாண்டும்போது 240 கஜத்துக்கு மேல் பின்தங்கிய குதிரைக்கு அன்றைய விதிப்படி இடமே கிடையாது! இரண்டாவது, மூன்றாவது என்று எழுதக்கூட மாட்டார்கள். ஆக, நாலு குதிரைகளும் சுமார் 220 மீட்டர் பின்னால் கிடக்கவேண்டும். கிடந்தனவா? கிடந்தன! நாலும்! ஓ'கெல்லி பையை நிரப்பிக்கொண்டு நேராக வைல்டுமனிடம் போனார். 650 கினிக்குக் குதிரையில் பாதி. மறு வருஷம் 1,100 கினிக்கு மீதிப் பாதி. 75-க்கு வாங்கியது 1,750-க்குப் போயிற்று. ஸ்மித்ஃபீல்டில் எந்த மாட்டுக்கு இந்த லாபம் வரும்!

18-க்கு 18 என்றேனே, அதிலும் ஒரு வேடிக்கை. எட்டுப் பந்தயங்களில் எதிரியே இல்லை! எக்ளிப்ஸ் வருகிறது என்று கேள்விப்பட்டதுமே மற்றவர்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். எக்ளிப்ஸ் மட்டும் தனியாகப் பாதையைச் சுற்றி வந்து பரிசை வாங்கிக்கொண்டு போகும். அன்னபோஸ்டில் ஜெயிக்கிற பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி!

முதுகில் எவ்வளவு பாரம் தெரியுமா? அரசர் பெயரால் நடந்த 'கிங்ஸ் பிளேட்' பந்தயங்களில் 11-ஐ எக்ளிப்ஸ் ஜெயித்தது. அவற்றில் வழக்கமான சுமை 12 ஸ்டோன், சுமார் 76 கிலோ! இன்றைய டெர்பி குதிரைக்கு 58 கிலோ. ஒரு நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது!

பந்தய ஊர்களுக்கு எப்படிப் போனது? லாரியா, ரயிலா? நடந்துதான்! இங்கிலாந்து முழுக்கப் பந்தயத்துக்குப் பந்தயம் எக்ளிப்ஸ் நடந்த தூரம் சுமார் 1,400 மைல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து நடக்க ஆரம்பித்தால் மகாராஷ்டிரத்தையும் தாண்டிவிடலாம்! ஓடியதோ வெறும் 63 மைல் சொச்சம். ஓட்டப்பந்தய வீரனா, பாதயாத்திரை பக்தனா?

ஒரே ஒரு குதிரைதான் கொஞ்ச நேரமாவது எக்ளிப்ஸுக்கு ஈடு கொடுத்தது. 1770 ஏப்ரல், நியூமார்க்கெட். பெயர் பூசிபலஸ், மாவீரன் அலெக்சாந்தரின் குதிரைப் பெயர்! கிட்டே வந்தது. எக்ளிப்ஸ் ஒரு முடுக்கு முடுக்கியது. அவ்வளவுதான்! அன்று பட்ட பாட்டுக்குப் பிறகு பூசிபலஸ் பழைய பூசிபலஸாக இல்லவே இல்லை என்கிறார்கள். எக்ளிப்ஸின் மேல் ஒருமுறைகூடச் சாட்டை விழவில்லை என்பது இதைவிடப் பெரிய ஆச்சரியம்!

இத்தனையும் எத்தனை வருஷத்தில்? 1769 மே முதல் 1770 அக்டோபர் வரை. பதினேழே மாதம்! காயமில்லை, தோல்வியில்லை. அதற்கு எதிராகப் பணம் கட்ட ஆளில்லை, எதிர்த்து ஓடக் குதிரையில்லை. ஓய்வு கொடுத்துவிட்டார்கள்!

ஆனால் ஓ'கெல்லிக்கு நிஜமான பணமழை இனிமேல்தான். பொலிகுதிரையாக எக்ளிப்ஸ் சம்பாதித்துக் கொடுத்தது 25,000 பவுண்டு என்று அவரே பெருமையடித்துக்கொண்டாராம். எப்சம் டெர்பி 1780-இல் தொடங்கியது. முதல் ஐந்து டெர்பிகளில் மூன்றை ஜெயித்தவை எவை? யங் எக்ளிப்ஸ், சால்ட்ராம், சார்ஜென்ட். மூன்றும் எக்ளிப்ஸின் பிள்ளைகள்!

பிள்ளைகளில் என் செல்லம் யார் தெரியுமா? உருளைக்கிழங்கு! சிரிக்காதீர்கள், அதுதான் பெயர்! 1773-இல் பிறந்தது. தீவனத் தொட்டியில் பெயரை எழுதச் சொன்னார்களாம், லாயத்துப் பையனுக்கு 'பொட்டேட்டோஸ்' என்பதற்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. யோசித்தான். 'பொட்' என்று எழுதினான். பக்கத்தில் வட்டம் வட்டமாக எட்டு 'ஓ' போட்டான். பொட்-எயிட்-ஓஸ்! சொல்லிப் பாருங்கள், உருளைக்கிழங்கு வந்துவிட்டதா? முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் அப்படியே பெயராகவே வைத்துவிட்டார். இன்றுவரை பதிவேடுகளில் பொட்ஓஓஓஓஓஓஓஓ! அதன் மகன் வாக்ஸி 1793-இல் டெர்பி ஜெயித்தது.

மெட்ராஸ் ரேஸ் கிளப் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1777. அப்போது எக்ளிப்ஸ் உயிரோடு, எப்சம் லாயத்தில் தீவனம் மென்றுகொண்டிருந்தது! இன்று உலகத்தில் இருக்கும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் 100-க்குச் சுமார் 95-க்கு, அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியில் ஏறிக்கொண்டே போனால் போய் நிற்கிற இடம் எக்ளிப்ஸ்! 14-க்கு 14 ஜெயித்த ஃபிராங்கெல்? எக்ளிப்ஸ் வம்சம்! 1973-இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த அமெரிக்காவின் செக்ரடேரியட்? அதுவும்! எக்ளிப்ஸுக்கு மேலே போனால்? 1704-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த டார்லி அரேபியன். அதன் பேரனுக்குப் பேரன்தான் எக்ளிப்ஸ்.

இதை நம் தெரு பெட்டிங் கடை வாசலில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரிடம் சொன்னேன். உள்ளே டிவியில் எட்டுக் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். "அப்ப இது பந்தயமில்லை தம்பி, சொந்தக்காரருக்குள்ள சண்டை" என்றார்.

ஓ'கெல்லி வீட்டில் ஒரு கிளி இருந்தது தெரியுமா? சாதாரணக் கிளியா? பைபிளின் 104-ஆம் சங்கீதத்தைப் பாடுகிற கிளி! ஊரே அதைப் பற்றிப் பேசியது. 1802-இல் செத்தபோது பத்திரிகையில் மரணச் செய்தியே வந்தது! இதற்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமில்லைதான். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

1,400 மைல் நடந்த குதிரை, கடைசியில் வண்டியில் போனது! 1788-இல் எப்சமிலிருந்து எட்ஜ்வேர் பக்கம் கேனன்ஸ் பண்ணைக்கு அதை மாற்றவேண்டியிருந்தது. குளம்பெல்லாம் கெட்டுப்போய் நடக்க முடியவில்லை. தனியாக ஒரு வண்டி செய்து, அதில் எக்ளிப்ஸை ஏற்றி, வேறு குதிரைகளை இழுக்கவிட்டார்கள். குதிரைகள் பல்லக்குத் தூக்க, ராஜா உள்ளே! ஓ'கெல்லி பார்த்திருந்தால் பழைய தொழில் ஞாபகம் வந்திருக்கும். அவர் முந்தின வருஷமே போய்ச்சேர்ந்துவிட்டார்.

1789 பிப்ரவரி 27. வயிற்றுவலி. வயது 24. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு பீரும் கேக்கும்! சேன்பெல் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் உடலை அறுத்து அங்குலம் அங்குலமாக அளந்தார். இதயத்தின் எடை 14 பவுண்டு, ஆறு கிலோவுக்கு மேல்! பந்தயக் குதிரைக்குச் சாதாரணமாக நாலு கிலோதான் இருக்கும். அந்த வேலையில் பெயர் வாங்கிய சேன்பெல், 1791-இல் லண்டனில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் பேராசிரியரானார். இரண்டே வருஷத்தில் அவரும் இறந்தார். அதுவும் குதிரைகளுக்கு வருகிற நோயில் என்கிறார்கள்!

எலும்புக்கூடு இன்றும் இருக்கிறது, அதே ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஹாக்ஸ்ஹெட் வளாகத்தில். கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கால் எலும்புகளை அளந்து, கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். என்ன அதிசயம் கண்டுபிடித்தார்கள்? ஒன்றுமில்லை! எல்லா அளவும் சராசரி! நீளமும் இல்லை, குட்டையும் இல்லை, எல்லாம் நடுத்தரம். அந்தக் கச்சிதமான சராசரிதான் அதன் பலமாக இருந்திருக்கலாம் என்றார்கள்.

செத்தபிறகும் எக்ளிப்ஸ் ஓய்ந்ததா? அதன் வால்மயிர் குதிரைப் பந்தய அமைப்பான ஜாக்கி கிளப்பின் பரிசுச் சாட்டையில் பின்னப்பட்டது. ஒரு குளம்பை 1832-இல் அரசர் நாலாம் வில்லியம் ஜாக்கி கிளப்புக்கே பரிசாகக் கொடுத்தார். ஆளாளுக்கு ஒரு நினைவுப்பொருள் வேண்டுமே! ஒரு கட்டத்தில் 'சந்தேகமே இல்லாத' எக்ளிப்ஸ் எலும்புக்கூடுகள் மட்டும் ஆறு இருந்தனவாம். 'அசல்' குளம்புகள்? ஒன்பது!

அண்ணையிடம் இதையும் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப மிச்ச அஞ்சும் யாற்ற கால்?"