வைஃபை பெட்டிக்கும் ஒரு பூட்டு



2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, நம் மலையகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடு ஏறியதை மறக்க முடியுமா? இன்று றொசல்லப் பக்கத்து லயங்களிலும் சிம் போட்ட வைஃபை பெட்டி வந்துவிட்டது. பிள்ளையின் படிப்புக்கென்று, கொழுந்துக் காசில் மிச்சம் பிடித்து வாங்கியது அது.

ஆனால் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கப் பிள்ளை உட்காரும் நேரத்தில் வீடியோ ஓடுவதில்லை. "முந்தாநாள்தானே காசு போட்டேன், அதுக்குள்ள எப்படி முடிஞ்சது?" என்று அம்மா திகைக்கிறார். பெட்டியில் பழுது இல்லாமலே இப்படி நடக்கலாம். நமக்குத் தெரியாமல் வேறு யாராவது அதைப் பாவிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வைஃபை என்பது ரேடியோ அலை. ஒரு காம்பராவில் போட்ட பாட்டு அடுத்த காம்பராவில் கேட்பது போல, இந்த அலையும் சுவரைத் தாண்டிப் போகும். பாஸ்வேர்ட் தெரிந்தவர் தன் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே உங்கள் டேட்டாவை முடித்துவிடலாம்.

நட்டம் காசோடு நிற்பதில்லை. உங்கள் இணைப்பில் புகுந்த ஒருவர் யாரையாவது மிரட்டினால் அல்லது ஏமாற்றினால், விசாரணை முதலில் சிம் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும்.

இப்படிச் செய்யுங்கள்:

1. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற ஓர் எண் இருக்கும். வைஃபையில் இணைந்த போனில், இணையம் பார்க்கும் இடத்தில் அந்த எண்ணை அடித்தால் பெட்டியின் செட்டிங் திறக்கும்.

2. பாஸ்வேர்ட் இரண்டு உண்டு: ஒன்று வைஃபைக்கு, மற்றது செட்டிங்கைத் திறக்க. இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

3. போன் நம்பர், பிள்ளையின் பெயர், பிறந்த திகதி வேண்டாம். குடை, ஆடு, ரயில், தேங்காய் என்பது போலச் சம்பந்தமில்லாத நாலு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 12 எழுத்துக்குக் குறையக் கூடாது. இதே சொற்களைப் போட்டுவிடாதீர்கள்!

4. பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்க வேண்டும். பழைய டபிள்யூ.இ.பி. பூட்டை உடைக்கும் வழி 2001லேயே வெளிவந்துவிட்டது. டபிள்யூ.பி.எஸ். என்பதை நிறுத்திவிடுங்கள்.

5. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். தெரியாத போன் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

"அப்போ பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். உப்பும் மிளகாயும் மாற்றிக்கொள்ளும் லயத்தில் வைஃபை மட்டும் என்ன? பல பெட்டிகளில் விருந்தாளிக்கென்று தனி வைஃபை வசதி உண்டு. அதைத் திறந்து, அதற்கு வேறு பாஸ்வேர்ட் வையுங்கள். வேண்டாதபோது அதை மட்டும் மூடலாம். நாம் அறிந்து கொடுப்பது உதவி. அறியாமல் எடுப்பது களவு. அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படியும் குற்றமே.

தனியாகச் செய்யத் தயக்கமா? விவரம் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான். மாற்றிய பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.