ஷீலின் ஏரியின் சிறு ஈக்கள்

சிற்றூரில் பிறந்து வளர்ந்த நம் வாசகருள் பலர், இளமையில் குளக்கரையில் அமர்ந்து தூண்டில் போட்டிருப்பர். மூங்கிற்கழி ஒன்று, நூல், மிதக்க ஒரு தக்கை, முள்ளில் கோத்த மண்புழு, இவ்வளவே கருவிகள். தக்கை அமிழ்ந்ததும் இழுக்க வேண்டியதுதான். அயர்லாந்து நாட்டு ஏரிகளில், குளிர் இன்னும் நீங்காத மார்ச், ஏப்ரல் மாதங்களில், பெரும்பாலும் தவக்காலத்தை ஒட்டிய நாட்களில், டிரவுட் மீன் தேடிப் படகேறுவோர் கையாளும் முறை வேறு. அவர்களிடம் தக்கையும் இல்லை, புழுவும் இல்லை. முள்ளின் மீது கறுப்புப் பட்டு நூலைச் சுற்றி, கோழி இறகின் ஓரிரு இழைகளைக் கட்டி, ஓர் ஈயைப் போலத் தோன்றச் செய்கின்றனர். அந்தப் பொய் ஈதான் இரை.

டிரவுட் நமக்கு முற்றிலும் அயலான மீன் அன்று. நீலகிரியில் அவலாஞ்சியில் அதற்கென 1907-ஆம் ஆண்டில் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. ஆயினும் அங்கு நிலைத்தது அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட். அயர்லாந்து ஏரிகளில் வாழ்வதோ அந்நாட்டுக்கே உரிய பழுப்பு டிரவுட். மேனியெங்கும் கறுப்பும் சிவப்புமான புள்ளிகள் கொண்டது.

பொய் ஈயை நீரில் எறிவது எளிய செயல் அன்று. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்லும். இங்கு ஈக்குக் கனமே இல்லையாதலால், கனத்தை நூலிலேயே வைத்துவிட்டனர். பத்துப் பதினோரு அடி நீளக் கோலை முன்னும் பின்னும் வீச, தடித்த நூல் வளைந்து நிமிர்ந்து சென்று விழும். அதன் முனையில் கட்டிய மெல்லிய இழையில் ஈக்கள் இறங்கும். படகு காற்றுக்குக் குறுக்காக மிதந்து செல்லும். ஈயை எறிவது, மெல்ல இழுப்பது, மீண்டும் எறிவது என மாலை வரை இதுவே வேலை. வெறுங்கையுடன் திரும்பும் நாட்களே மிகுதி எனலாம்.

இக்கலை பழமையானது. மாசிடோனியா நாட்டார் சிவந்த ஆட்டு மயிரையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்பார் எழுதி வைத்துள்ளார். ஆங்கிலத்தில் தூண்டிற்கலை பற்றி அச்சேறிய முதல் நூல் 1496-இல் வெளிவந்தது. அதை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர் மடத்துத் தலைவி என்பது வழிவழி வந்த கூற்று. அறிஞர் இதை ஐயுறுகின்றனர். நமக்கோ அது மெய்யாயிருந்தால் நன்று என்றே தோன்றுகிறது.

இனி, மீன் ஏன் பொய் ஈயை நாட வேண்டும்? மாரிக்காலத்தில் டிரவுட் மீன்கள் ஏரியை விட்டுச் சிற்றோடைகளில் ஏறி முட்டையிடுகின்றன. பின்னர் மெலிந்து, பசியுடன் ஏரிக்குத் திரும்புகின்றன. அப்போது நீர் குளிர்ந்திருப்பதால் அடித்தரையில் கிடக்கும் சிறு கூனிகளையும் பூச்சிகளையும் தின்று காலம் கழிக்கின்றன. மார்ச் இறுதியில் அவற்றை மேல்மட்டத்துக்கு அழைத்து வருவது ஒரு சிறு கறுப்பு ஈ. அயர்லாந்தில் அதனை 'டக்பிளை' என்பர். கொசுவைப் போன்ற தோற்றம், ஆனால் கடிப்பதில்லை. அதன் புழுப்பருவம் முழுவதும் ஏரியின் அடிச்சேற்றில், தானே கட்டிய சிறு குழாயினுள் கழிகிறது. அப்புழுக்களுள் பல சிவப்பாயிருக்கும். நம் குருதியைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் அவற்றின் உடலிலும் உண்டு. பிராணவாயு குறைந்த சேற்றிலும் அவை பிழைத்திருப்பது அதனால்தான். பின்பு கூட்டுப்புழுவாகி, மேலே மிதந்து, நீர்ப்பரப்பின் அடியில் சற்று நேரம் தொங்கி நின்று, தோலைக் கிழித்துக்கொண்டு ஈயாகப் பறக்கும். அந்தச் சற்று நேரமே டிரவுட்டுக்கு விருந்து. மாலையில் கரையோர மரங்களுக்கு மேல் இவ்வீக்கள் திரள்வது தொலைவிலிருந்து காண்போருக்குப் புகை எழுவது போலிருக்கும்.

மே மாத இறுதியில் வருவது மற்றோர் ஈ. 'மேபிளை' என்னும் அது பெரியது. கண்ணாடி போன்ற சிறகுடையது. இரண்டாண்டு ஏரியடியில் வாழ்ந்து, சிறகு பெற்றபின் உண்ண வாயுமின்றி ஓரிரு நாளில் மடிவது. முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து புறப்படும் நம் ஊர் ஈசலை எண்ணிக்கொள்ளலாம்.

இவ்விரு ஈக்களின் வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை ஷீலின் ஏரியின் வரலாறு காட்டுகிறது. கவன், மீத், வெஸ்ட்மீத் என்னும் மூன்று மாவட்டங்கள் கூடுமிடத்தில், ஏறத்தாழ 4,500 ஏக்கர் பரப்பில் கிடக்கும் ஆழமற்ற ஏரி அது. சுண்ணாம்புப் பாறை நிலமாதலால் உணவு மிகுந்து, மீன்கள் கொழுத்து வளரும். வெளிநாட்டிலிருந்தும் தூண்டிற்காரர் வந்து கரையோர இல்லங்களில் தங்குவர்.

1970-களில் அப்பகுதியில் பன்றி வளர்ப்பு பெருகியது. அதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கவன் மாவட்டத்துக் குன்றுகளின் களிமண் உழவுக்கு ஏற்றதன்று. சிறு நிலத்தை வைத்துக்கொண்டு மக்களைப் படிக்க வைக்க வேண்டிய குடும்பங்களுக்குப் பன்றிப் பண்ணை வாழ்வளித்தது. ஆனால் ஆயிரக்கணக்கான பன்றிகளின் கழிவு எங்கே போவது? வயலில் கொட்டினர். இறுகிய களிமண் அதை உறிஞ்சவில்லை. மழைநீர் அதிலிருந்த பாஸ்பரசை ஓடைகள் வழியே ஏரிக்குக் கொணர்ந்தது. பாசி பெருகி நீர் பச்சையாயிற்று. ஒளி கிட்டாமல் அடியில் வளர்ந்த நீர்ச்செடிகள் அழிந்தன. மடிந்த பாசி அழுகுகையில் பிராணவாயு தீர்ந்தது.

மேபிளை அருகி, மறைந்தேபோயிற்று என்னும் நிலை வந்தது. டக்பிளையோ அஞ்சவில்லை, அதன் சிவப்புப் புழுவுக்கு அச்சேறு போதுமானதாயிருந்தது. ஏப்ரல் மாலையில் மரத்தின்மேல் புகை எழக் கண்ட ஒருவன் ஏரி நலமாயிருக்கிறது என்று எண்ணி வீடு திரும்பியிருக்கக் கூடும். மே மாதம் வந்து, பெரிய ஈ வராதபோதுதான் நோய் புலப்பட்டிருக்கும். ஏரிக்காகக் குரல் எழுப்பியோருள் தூண்டிற்காரர் முன்நின்றதில் வியப்பில்லை. வேறு எவர் ஈக்களை எண்ணிக்கொண்டிருப்பர்?

1980-களின் தொடக்கத்தில், கழிவை அவ்வட்டாரத்துக்கு வெளியே கொண்டு செல்ல அரசு மானியம் அளித்தது. ஏரி சற்றுத் தேறியது. மானியம் நின்றது, ஏரி மீண்டும் கெட்டது. செலவை யார் ஏற்பது என்னும் கேள்விக்குப் பண்ணைக்காரரும் மீன்பிடிப்போரும் ஒரே விடை கூறவில்லை, கூறவும் இயலாது. பின்னர் ஐரோப்பியச் சட்டங்கள் கழிவைக் கொட்டும் காலத்தையும் அளவையும் வரையறுத்தன. 2000-க்குப் பின் மேபிளை மெல்லத் திரும்பலாயிற்று. இன்று மே மாத இறுதியில் ஷீலினில் மீண்டும் படகுகள் நிறைகின்றன.

ஆயினும் நீர் தெளிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேற்று நாட்டிலிருந்து படகுகளின் அடியில் ஒட்டி வந்த, மேனியில் வரி கொண்ட சீப்ரா சிப்பி என்னும் சிறு சிப்பி இவ்வேரியிலும் குடியேறி, பாசியை வடிகட்டி உண்கிறது. தெளிந்த நீர் அனைத்தும் தூய நீர் அன்று. பல்லாண்டுகளாக வந்து சேர்ந்த பாஸ்பரஸ் முழுவதும் ஏரியை விட்டுப் போய்விடவில்லை. அதில் ஒரு பகுதி அடிச்சேற்றில் தங்கியிருக்கிறது. அடுத்த ஏப்ரலில் பறக்க வேண்டிய சிவப்புப் புழுக்கள் அச்சேற்றில்தான் குழாய் கட்டி வாழ்கின்றன.